பல் பிடுங்கிய பிறகு இரத்தம் கசிந்தால் டீ பேக்

பல் பிடுங்கிய இடத்தில், மருத்துவர் வைத்த பஞ்சை எடுத்த பிறகும் இரத்தம் கசிந்துகொண்டிருந்தால், சாதாரணத் தேயிலை டீ பேக் ஒன்றை வெந்நீரில் நனைத்து, நன்றாக ஆறவிட்டுப் பிழிந்து, அந்தக் குழியின் மேல் வைத்து 30 நிமிடம் விடாமல் கடித்துக்கொள்ளலாம். தேயிலையில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்தம் உறைய உதவுகிறது. பாதி வேலையைக் கடிக்கும் அழுத்தமே செய்துவிடும் என்பதால், நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. தூள் தேயிலையைத் துணியில் முடிந்து வைப்பது வேண்டாம், தூள் குழிக்குள் இறங்கிவிடும். எச்சிலில் இலேசான சிவப்பு மட்டும் தெரிவது முதல் நாளில் இயல்பே. அதற்கு இது தேவையில்லை. ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை உட்கொள்பவர்களும், வாய் நிறைய இரத்தம் வருபவர்களும் இதில் நேரம் கடத்தாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.