பாராதைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியத்தின் மேல் ஒரு கண்

என் கணவர் ஒன்பது வருடமாக டயாலிசிஸில் இருக்கிறார். பாராதைராய்டு சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோனான பி.டி.எச். 1,600-ஐத் தாண்டி, மாத்திரைக்கும் அடங்காமல் போனதால் ஆபரேஷன் செய்தார்கள். தைராய்டை ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளையும் எடுத்துவிட்டு, ஒன்றிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளை வலது முன்கையில் பதித்தார்கள். கழுத்துத் தையல் சீக்கிரமே ஆறிவிட்டது. எங்களைப் படுத்தியது கால்சியம்தான்.

இத்தனை வருடமாக பி.டி.எச். எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொண்டே இருந்தது. அது சட்டென்று நின்றதும் எலும்பு பசியோடு ரத்தத்திலிருந்து திரும்ப இழுக்கிறது. டாக்டர்கள் இதை ‘ஹங்ரி போன்’ என்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) மிக அதிகமாக இருந்தால் கால்சியம் இன்னும் வேகமாக இறங்கலாம். அந்த அளவை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கால்சியம் பார்ப்பார்கள். ஒவ்வொரு அளவையும் நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் நாள் இரவு இவர், “உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு” என்றார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் பி.பி. பட்டையைக் கட்டிக் காற்றடித்ததும், உப்பு அள்ளுவது போல விரல்கள் குவிந்து அப்படியே இறுகிவிட்டன. கால்சியம் 6.8-க்கு இறங்கியிருந்தது. உடனே கால்சியம் டிரிப் ஏற்றினார்கள். உதடு, விரல் நுனியில் குறுகுறுப்பு, காலில் பிடிப்பு என்றால் அடுத்த ரிப்போர்ட் வரட்டும் என்று இருக்காதீர்கள், அப்போதே கூப்பிடுங்கள். விட்டால் வலிப்பு வரை போகலாம். டிரிப் ஊசி போட்ட இடம் எரிந்தாலும் சொல்லுங்கள். கால்சியம் வெளியே கசிந்தால் தோல் புண்ணாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய மாத்திரை டப்பாவைக் காலி செய்யுங்கள். பி.டி.எச்.-ஐக் குறைக்கக் கொடுத்த சினகால்செட் மாத்திரை மிச்சமிருந்தால் தனியே எடுத்து வையுங்கள், அது கால்சியத்தை இன்னும் இறக்கும். பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முன்பெல்லாம் பாஸ்பரஸைப் பிடிக்கச் சாப்பாட்டோடு கொடுத்த கால்சியம் மாத்திரையை, ரத்தத்தில் சேரட்டும் என்று இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் கொடுக்கச் சொன்னார்கள். நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள்.

அப்புறம், சுரப்பி பதித்த கையில் ரத்தம் எடுத்தால் பி.டி.எச். உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஃபைல் அட்டையில் ‘வலது கை சுரப்பி, இடது கை ஃபிஸ்டுலா’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம். டயாலிசிஸ் ஆரம்பிக்கும்போதே, பரிசோதனைக்கான ரத்தத்தை ஃபிஸ்டுலா ஊசி வழியாக எடுத்துக்கொள்கிறார்கள்.