அலாய் வீல் மாற்றும் முன் டேப்பை எடுங்கள்: புதியவர்களுக்கான செய்முறை

அலாய் வீல் மாற்ற ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் டிசைனில்தான் தொடங்குவார்கள். கறுப்பா வெள்ளியா, ஐந்து கம்பியா பத்து கம்பியா என்று நாள்கணக்கில் யோசித்துவிட்டு, "நம்ம காருக்குச் சேருமா?" என்று கடைசியில் கேட்பார்கள். நான் சொல்லும் வரிசை இதற்குத் தலைகீழ்.

படி 1: இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணிலோ கதவு விளிம்பிலோ பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி சொல்லும் டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் உண்டு. இல்லையென்றால் கையேட்டைப் பாருங்கள். உதாரணமாக 195/65 ஆர்15 91எச் என்று இருந்தால், டயரின் அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். 91 என்பது ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண், 615 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும்.

படி 2: மொத்த உயரம் மாறக் கூடாது

ரிம் பெரிதானால் பக்கச்சுவர் குறைய வேண்டும். மேலே சொன்ன டயரின் மொத்த விட்டம் 634.5 மில்லிமீட்டர். 16 அங்குல ரிம்மில் 205/55 போட்டால் சுமார் 632. 17 அங்குலத்தில் 225/45 போட்டால் 634.3. மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். விட்டம் 3 சதவீதம் கூடினால், ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயர் உரசவும் வாய்ப்புண்டு.

எத்தனை அங்குலம் ஏற்றலாம்? என் கருத்தில் ஒன்று போதும். பக்கச்சுவர் மெலிய மெலிய, பள்ளத்தில் விழும் அடி நேராக ரிம்முக்குப் போகும். ரிம் நெளியும், டயர் புடைக்கும், உங்கள் இடுப்பும் ஒரு வார்த்தை சொல்லும்.

படி 3: ரிம்மின் நான்கு அளவுகள்

பலர் சறுக்கும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

பிசிடி: நட் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். 4x100 என்றால் நான்கு துளை, 100 மில்லிமீட்டர் வட்டம். நான்கு துளை ரிம்மில் எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்தால் போதும். ஐந்து துளையில் நேர் எதிரே துளை வராது. அங்கே டேப்பை நம்பாமல் காரின் விவரக் குறிப்பைப் பாருங்கள். 5x112 ரிம்மை 5x114.3 காரில் "கொஞ்சம் இழுத்து முடுக்கினால் உட்கார்ந்துவிடும்" என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சென்டர் போர்: நடுத்துளை. காரின் ஹப்பைவிட (சக்கரம் மாட்டும் அச்சின் முனை) சிறிதாக இருந்தால் ரிம் ஏறாது. பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போட வேண்டும். போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம்.

அகலமும் ஆஃப்செட்டும்: இவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் முகம் எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதே ஆஃப்செட். எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும். 6 அங்குல அகலம், 45 மில்லிமீட்டர் ஆஃப்செட் கொண்ட ரிம்மைக் கழற்றிவிட்டு 7 அங்குலம், 35 மில்லிமீட்டர் ஆஃப்செட் போட்டால், வெளிவிளிம்பு சுமார் 23 மில்லிமீட்டர் வெளியே வரும். ஃபெண்டருக்கு (சக்கரத்துக்கு மேலுள்ள பாடி வளைவு) உள்ளே அவ்வளவு இடம் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள்.

படி 4: டயர்

எடை எண்ணும் வேக எழுத்தும் பழையதைவிடக் குறையக் கூடாது. பக்கச்சுவரில் டாட் (DOT என்று தொடங்கும்) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த தேதி: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தள்ளுபடி பெரிதாக இருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

படி 5: இப்போது டிசைன்

அளவு பொருந்துகிறவற்றில் பிடித்ததை எடுங்கள். அதே அளவில் இரண்டு பிடித்திருந்தால் எடை குறைந்ததை வாங்குங்கள். ரிம் தாங்கும் எடை அதன் மீது பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 6: மாட்டுவது

நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா, தட்டையா என்பது ரிம்மின் துளையோடு ஒத்துப்போக வேண்டும். பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்படுத்துவது) செய்து, முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி சரிபாருங்கள்.

பழைய நட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு டிஸ்க்தான் என்றால், புது நட் அதில் சரியாக உட்காராமல் போகலாம். ஒரு சக்கரத்துக்கு வேண்டிய பழைய நட்டுகளை ஒரு பையில் கட்டி, ஜாக்கிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.