உயிர்வாயுத் தாங்கியும் நோய்க்கிருமியும்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

சாணத்தையும் குசினிக் கழிவையும் காற்றுப் புகாத தாங்கியில் இட்டுச் சமிபாடடைய விட்டால் அடுப்பெரிக்க உயிர்வாயு கிடைக்கும், மிஞ்சும் குழம்பு சேதனப் பசளையாகும் என்பது பலரும் அறிந்ததே. கழிவில் இருந்த நோய்க்கிருமிகளும் அத்தோடு அழிந்துவிடும் என்று சேர்த்துச் சொல்வோரும் உண்டு. அது பாதி உண்மைதான். சமிபாட்டின்போது உணவுப் போட்டியாலும் உண்டாகும் அமோனியாவாலும் கிருமிகள் ஓரளவு குறைகின்றன. அவற்றை உறுதியாகக் கொல்ல, போதிய வெப்பம் போதிய நேரம் நிலைத்திருக்க வேண்டும்.

திருகோணமலையில் நிலத்தில் புதைத்த தாங்கியின் உள்ளே ஏறத்தாழ 28 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம்தான் இருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் அது பெரிதாக ஏறாது, மாரியில் சற்றே இறங்கும். சல்மொனெல்லா போன்ற பற்றீரியா பத்தில் ஒன்றாகக் குறைவதற்கு 35 பாகையில் சில நாட்கள் செல்லும், 53 பாகையில் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான நேரமே போதும். வட்டப்புழுவின் முட்டையோ நமது தாங்கியின் மிதமான சூட்டில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறோமே, நாம் தாங்கும் அந்தச் சூட்டை நமது குடலில் வாழப் பழகிய கிருமியும் தாங்கிக்கொள்ளும். ஆகவே வீட்டுத் தாங்கியோடு சூடாக்கும் வேலையொன்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

முதலாம் படி: கழிவைப் பிரித்தல்

மாட்டுச் சாணம், மரக்கறித் தோல், மீந்த சோறு ஆகியவற்றை ஒரு பக்கமும், மீனின் செவுள், குடல், தலை, இறைச்சிக் கழிவு ஆகியவற்றை இன்னொரு பக்கமும் வையுங்கள். இரண்டாவது வகையைச் சூடாக்காமல் தாங்கியில் இடக் கூடாது. மீன் கழிவில் நைதரசன் மிகுதி என்பதால், சூடாக்கிய பின்னரும் அதை அளவோடுதான் சேர்க்க வேண்டும், இல்லையேல் அமோனியா மிகுந்து வாயு தரும் நுண்ணங்கிகளே ஒடுங்கிவிடும். மலசலகூடக் கழிவைத் தொடக்கக்காரர்கள் இணைக்க வேண்டாம். மனிதக் கழிவைச் சேமித்துப் பாதுகாப்பாக்க, 20 முதல் 35 பாகைச் சூழலில் ஓராண்டுக்கு மேல் புதிதாக எதுவும் சேர்க்காமல் வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. அத்தனை பொறுமையும் இடமும் நம்மில் பலருக்கு இல்லை.

இரண்டாம் படி: தாங்கியின் அளவு

நாளொன்றுக்கு 10 கிலோ சாணமும் 10 லீற்றர் நீரும் ஊற்றுவதானால் அது 20 லீற்றர் கரைசல். அது உள்ளே 50 நாள் தங்க வேண்டுமெனில் 1000 லீற்றர் குழம்புக்கு இடம் வேண்டும், வாயுவுக்குரிய இடம் அதற்கு மேலானது. நுழைவுக் குழாய் அடிவரை இறங்கட்டும், வெளியேற்றுக் குழாய் எதிர்ப்புறத்தில் அமையட்டும், நடுவே ஒரு தடுப்பும் இருந்தால் நல்லது.

50 நாள் என்பது சராசரிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. உள்ளே இருப்பது நன்றாகக் கலந்துவிட்டால், இன்று ஊற்றியதில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கு நாளைக்கே வெளியே வந்துவிடும், அந்த இரண்டு பங்கில் கிருமி அப்படியே இருக்கும். எனவே ஒவ்வொரு நாளும் வெளியே எடுக்க வேண்டியதை முதலில் எடுத்துவிட்டு, அதன் பிறகே புதிய கரைசலை ஊற்றும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். செலவில்லாத இந்த ஒழுங்கினால் ஊற்றிய எதுவும் குறைந்தது ஒரு நாளாவது உள்ளே இருக்கும்.

மூன்றாம் படி: தொடக்கி வைத்தல்

தாங்கியைச் சாணமும் நீரும் சம அளவில் கலந்த கரைசலால் நிரப்பி, இரண்டு மூன்று கிழமை காத்திருங்கள். முதலில் சேரும் வாயுவில் காற்றும் கலந்திருக்கும். உயிர்வாயுவில் எரியும் பகுதியான மெதேன், காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை இருக்கும்போது அது வெடிக்கக்கூடியது என்பதால், அந்த முதல் வாயுவைப் பற்றவைக்காமல் திறந்த வெளியில் விட்டுவிட வேண்டும். பிறகு மரக்கறிக் கழிவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். குழம்பின் புளிப்பைக் காட்டும் பீஎச் தாளில் 6.8 முதல் 7.5 வரை காட்டினால் நல்லது. 6.5க்குக் கீழே இறங்கினால் சில நாட்கள் எதையும் ஊற்றாதீர்கள். எக்காரணம் கொண்டும் தாங்கிக்குள் ஆள் இறங்கக் கூடாது, அங்குள்ள ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சு வாயு ஆளை நொடியில் சாய்த்துவிடும்.

நான்காம் படி: சூடாக்குதல்

இதுதான் உண்மையான கிருமிநீக்கம். விலங்குக் கழிவைச் சமிபாட்டுத் தாங்கியில் இடுவோருக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள பொது அளவு இது: துண்டுகள் 12 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் நறுக்கி, 70 பாகையில் ஒரு மணித்தியாலம் இடைவிடாது வைத்திருக்க வேண்டும். துண்டின் அளவை ஏன் சொல்கிறார்கள் என்பது தாச்சியை அடுப்பில் வைத்தால் விளங்கும். ஓரத்தில் குமிழி தள்ளிக் கொழுப்பு மிதக்கும் வேளையிலும், நடுவில் கிடக்கும் முழு மீன்தலையின் உட்புறம் வெதுவெதுப்பாகக்கூட மாறியிருக்காது. ஆகவே சிறிதாக வெட்டி, அதே அளவு நீர் விட்டு, கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். உலோக வெப்பமானியின் நுனியை நடுப்பகுதியில் பிடித்துப் பார்த்து, 70 வந்த பிறகுதான் நேரத்தைக் கணக்கிடத் தொடங்க வேண்டும்.

எல்லாக் கழிவையும் இப்படிச் சூடாக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 லீற்றர் கரைசலை 30இலிருந்து 70 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 3.4 மெகாயூல் வெப்பம் வேண்டும். உயிர்வாயுவின் ஒரு கனமீற்றரில் இருப்பது சுமார் 20 மெகாயூல், அதில் பாதி அடுப்பைச் சுற்றி வீணாகும். ஆக 340 லீற்றர் வாயு தேவை. 10 கிலோ சாணம் நாளொன்றுக்குத் தருவதோ 300 முதல் 400 லீற்றர் வரைதான், தேநீருக்குக்கூட மிஞ்சாது. மூன்று கிலோ மீன் கழிவுக்கு மூன்று லீற்றர் நீர் சேர்த்துச் சூடாக்கினால் 100 லீற்றர் வாயுவோடு வேலை முடியும். ஆபத்தான பகுதியை மட்டும் சூடாக்குவதே வீட்டுக்குக் கட்டுப்படியாகும் என்பது எனது கருத்து.

சில பெரிய நிலையங்களில் தாங்கியையே 50 பாகைக்கு மேல் வைத்திருப்பார்கள். நீர்த்தன்மையான கழிவுக்கு அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் தரும் சூத்திரத்தின்படி 50 பாகையில் 5 நாட்களும், 55இல் ஒரு நாளும், 60இல் ஏறத்தாழ 5 மணித்தியாலமும் போதும். வீட்டில் அத்தனை சூட்டை இரவும் பகலும் காப்பது நடக்கிற காரியமன்று. வித்தி எனும் தடித்த உறையுள்ள உறக்க நிலைக்கு மாறி 70 பாகையிலும் சாகாதிருக்கும் பற்றீரியா சில உண்டு என்பதையும் அறிந்திருங்கள்.

சூடாக்கியதைக் கை தாங்கும் அளவுக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். பச்சைக் கழிவைத் தொட்ட வாளியையும் அகப்பையையும் சூடாக்கியதற்குப் பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் போட்டிக்கு வேறு நுண்ணங்கி இல்லாத அந்தக் குழம்பில் புதிதாக விழும் சல்மொனெல்லா வேகமாகப் பெருகும். இரண்டு நிறத்தில் வாளி வாங்கினால் குழப்பமே இராது.

ஐந்தாம் படி: வெளிவரும் குழம்பு

சாணம் சூடாக்கப்படாமல் போனதால், வெளிவரும் குழம்பை இன்னும் பாதுகாப்பானதென்று கொள்ள முடியாது. அதை வைக்கோல், காய்ந்த இலை, தும்பு ஆகியவற்றில் ஊறவைத்து, எப்பக்கமும் ஒரு மீற்றருக்குக் குறையாத குவியலாக்குங்கள். சிறிய குவியலில் சூடு தங்காது. நடுப்பகுதி 55 பாகைக்குக் குறையாமல் 15 நாட்கள் இருக்க வேண்டும், அந்த நாட்களுக்குள் ஐந்து தடவை ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி புரட்ட வேண்டும். மாரியில் தறப்பாளால் மூடாவிட்டால் குவியல் நனைந்து குளிர்ந்துவிடும்.

ஆறாம் படி: பயன்படுத்துதல்

இத்தனைக்குப் பிறகும் வல்லாரை, சலாது இலை போன்று பச்சையாக உண்பவற்றுக்கு இதை இட வேண்டாம். தென்னை, வாழை, கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் அடியில் இட்டு மண்ணால் மூடுங்கள். நிலாவெளி, உப்புவெளிக் கரையோர மணல் நிலத்தில் நீர் விரைவாக இறங்கும், கிணற்று நீரும் ஆழத்தில் இராது. அங்கே குவியலையும் குழம்புத் தொட்டியையும் கிணற்றிலிருந்து வளவு இடம்தரும் அளவுக்கு எட்டத்தில், நிலம் சரியும் பக்கமாக வைத்து, தொட்டியின் அடிக்குச் சீமெந்து பூசிவிடுங்கள்.