டிரம் அண்ட் பேஸ் இரவை மேடையேற்றுவது எப்படி?

டிஜே, மைக்கில் பேசிக் கூட்டத்தை உற்சாகப்படுத்தும் எம்சி, நேரடி இசைக்குழு ஆகிய மூன்று தரப்பும் ஒரே இரவில் மேடையேறும் டிரம் அண்ட் பேஸ் என்னும் மின்னணு நடன இசை நிகழ்ச்சியை முதன்முறையாகப் பொறுப்பேற்று நடத்துபவர்கள், யாரை அழைப்பது என்பதிலேயே பெரும்பாலான கவனத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள். யாரை அழைத்தாலும், பேஸ் என்னும் தாழ்ந்த, கனத்த ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மேடை கைமாறும்போது தாளம் அறுபடக் கூடாது. இவ்விரண்டும் சரியாக அமைந்த இரவில் மற்ற குறைகள் பெரிதாகத் தெரிவதில்லை.

இந்த இசை நிமிடத்துக்கு 160 முதல் 180 பீட் வரையிலான வேகத்தில் ஓடுகிறது. இன்றைய பாடல்களில் பல 174 பீட்டை ஒட்டியே அமைகின்றன. டிரம்ஸ் இந்த வேகத்தில் பறக்கும்போது, பேஸ் பெரும்பாலும் அதில் பாதி வேகத்தில் நிதானமாக நகர்கிறது. ஆடுபவர்களின் உடல் எளிதில் பற்றிக்கொள்வது அந்த நிதானத்தைத்தான். ஆகவே ஒலியமைப்பை வாடகைக்கு எடுக்கும்போது மொத்தம் எத்தனை வாட் என்று கேட்பதைவிட, தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்களான சப்வூஃபர்கள் 40 ஹெர்ட்ஸ் வரை வலுக் குறையாமல் ஒலிக்குமா என்று கேட்பதே முக்கியம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர் என்பதால், சப்வூஃபர்களை மேடையின் இரு ஓரங்களிலும் பிரித்து வைத்தால், இரண்டு பக்க அலைகளும் ஓரிடத்தில் கூடி அதிர்ந்து, சில அடி தள்ளி ஒன்றையொன்று அழித்துவிடும். இடம் இருக்குமானால் அவற்றை மேடைக்கு முன்னால் நடுவில் ஒன்றாகச் சேர்த்து வைப்பது நல்லது.

சவுண்ட் செக்கை நிகழ்ச்சி வரிசைக்கு நேர்எதிராக நடத்துங்கள். கடைசியில் மேடையேறுபவர் முதலில் முடித்துக்கொண்டால், முதலில் மேடையேறுபவரின் மைக்குகளும் கேபிள்களும் கதவு திறக்கும்வரை வைத்த இடத்திலேயே இருக்கும். கூட்டம் நிறைந்ததும் உடல்கள் மேல் அலைவரிசைகளை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், காலி அரங்கில் டிரம்ஸின் ஹை-ஹேட் தட்டு சற்றுக் கூர்மையாகக் கேட்பதைக் கண்டு உடனே குறைத்துவிட வேண்டாம். வினைல் தட்டுகளைப் பயன்படுத்தும் டிஜே இருந்தால், டர்ன்டேபிள்கள் நிற்கும் மேசையை மேடைத் தளத்தின் அதிர்விலிருந்து பிரித்துவிட வேண்டும். இல்லையேல் பேஸ் ஊசிக்குள் ஏறி, ஸ்பீக்கர் வழியாக வெளியேறி, மீண்டும் ஊசிக்கே வந்து ஊளையிடத் தொடங்கும்.

நேரடி இசைக்குழுவுக்கே அதிக உழைப்பு தேவைப்படுகிறது. இந்த இசை 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவானபோது, அதன் டிரம்ஸ் பெரும்பாலும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளே. அவற்றில் மிகவும் புகழ்பெற்றது, வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டுப் பதிவொன்றில் கிரிகரி கோல்மன் வாசித்த நான்கு பார் (ஒரு பார் என்பது நான்கு பீட்) நீளத் தனி டிரம்ஸ். கணினியில் வேகம் கூட்டிச் சிதறடித்து அடுக்கப்பட்ட அத்தகைய தாளத்தை மனிதக் கைகள் ஒரு மணி நேரம் தொடர்ந்து வாசிப்பது கடினமானது என்றாலும், அது இயலும். 1997இல் மெர்குரி பரிசை வென்ற ரோனி சைஸின் ரெப்ரசன்ட் குழு, டிரம்ஸையும் டபுள் பேஸையும் மேடையில் நேரடியாக வாசித்தே பெயர் பெற்றது. டிரம்மருக்கு, இசையைக் கேட்டபடி வாசிக்கக் காதில் பொருத்தும் மானிட்டரும் வேகத்தைக் காட்டும் கிளிக் ஒலியும் கட்டாயம் கொடுங்கள். தரை மானிட்டரில் பேஸை ஏற்றினால் அது டிரம்ஸ் மைக்குகள் அனைத்திலும் புகுந்து ஒலியைக் குழப்பிவிடும். காலால் வாசிக்கும் பெரிய டிரம்மான கிக் தவிர மற்ற டிரம்ஸ் மைக்குகளில் கீழ் அலைவரிசைகளை வெட்டிவிட்டு, அந்த இடத்தைக் கிக்குக்கும் பேஸுக்கும் மட்டும் விட்டுவைக்கும்படி ஒலிப் பொறியாளரிடம் சொல்லுங்கள்.

டிஜேக்குக் கணக்கே கைத்திறன். 174 பீட் வேகத்தில் 16 பார் என்பது சுமார் 22 வினாடிதான். அடுத்த பாடலைச் சேர்க்கும் முடிவை அதற்குள் எடுத்தாக வேண்டும். இரண்டு பாடல்களின் டிராப்பையும் (முன்னிசைக்குப் பின் பேஸும் தாளமும் முழு வலுவோடு இறங்கும் இடம்) ஒரே கணத்தில் விழச் செய்யும் டபுள் டிராப்பை எடுத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும் பாடலின் டிராப்புக்கு இன்னும் 64 பார் இருக்கிறது, புதிய பாடலுக்கு 32 பார் முன்னிசை உண்டு என்றால், முதல் 32 பார் கடந்ததும் புதியதைத் தொடங்க வேண்டும். தொடங்கும்போது புதிய பாடலின் பேஸைக் கட்டுப்படுத்தும் லோ குமிழ் முழுவதும் இறக்கப்பட்டிருக்க வேண்டும். டிராப் விழும் கணத்தில் இரண்டில் ஒன்றின் பேஸை மட்டுமே திறந்து, மற்றதன் மேல் ஒலிகளை அதன்மேல் மிதக்கவிடுங்கள். இரண்டு பேஸையும் சேர்த்துத் திறந்தால் பெரும்பாலும் முரசொலி போல ஒரே முழக்கம்தான் மிஞ்சும். கணினி மென்பொருள் சில பாடல்களை 174இன் பாதியாக 87 பீட் என்று பதிவுசெய்துவிடும் என்பதால் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வதும், பாடல்களை இரண்டு பென்டிரைவ்களில் எடுத்துச் செல்வதும் அவசியம்.

எம்சி இந்த மரபில் அலங்காரத்துக்காக நிறுத்தப்படுபவர் அல்லர்; ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் மரபிலிருந்து வந்த அவர்தான் கூட்டத்துக்கும் டிஜேக்கும் நடுவே பேசுகிறார், பாடலை முதலிலிருந்து மீண்டும் போடும் ரீவைண்டைக் கேட்கும் கூட்டத்தின் குரலையும் டிஜேயிடம் சேர்க்கிறார். அவருடைய மைக்கை டிஜே மிக்சரில் செருகாமல், முதன்மை மிக்சரில் தனிச் சேனலில் கொடுத்தால்தான் பொறியாளரால் அதைக் கட்டுப்படுத்த முடியும். மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடித்தால் ஃபீட்பேக் எழும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். டிராப்புக்கு முந்தைய சில பார்களிலும், பாடகரின் குரல் வரும் இடங்களிலும் எம்சி வாய் மூடியிருக்க வேண்டும் என்பதை அவரும் டிஜேயும் சேர்ந்து முடிவுசெய்துகொள்வது நல்லது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்த எம்சியே சிறந்தவர் என்பது என் உறுதியான கருத்து.

வரிசையைப் பொறுத்தவரை, மென்மையான லிக்விட் வகையுடன் தொடங்கி, கூட்டம் முழுமையடையும் நேரத்தில் குழுவை ஏற்றி, அதன்பின் கடுமையான ஒலிகளுக்குச் செல்வது பொருத்தமாக இருக்கும். டிரம்ஸ் செட் முதலிலிருந்தே மேடையின் பின்பகுதியில் தயாராக நிற்கட்டும். குழு இறங்கும்போது அதன் கடைசிப் பாடலின் அதே வேகத்தில் அடுத்த டிஜே தன் முதல் பாடலை ஹெட்ஃபோனில் பொருத்தி வைத்திருந்து, கைதட்டல் அடங்குவதற்குள் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை உயர்த்த வேண்டும். தொடக்க டிஜேயின் ஒலியளவை உச்சத்திலிருந்து சில டெசிபல் கீழேயே நிறுத்துங்கள். தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய்விட்டால் பின்னால் வருபவர்கள் உயர இடமே இருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை, இத்தகைய அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த அளவீட்டை மிக்சர் அருகே எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்து, நுழைவாயிலில் காதடைப்பான்களை இலவசமாகக் கொடுங்கள்.