சின்ன சார்ட்டர் ஹைஸ்கூல்: பிள்ளையைச் சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

கலிஃபோர்னியாவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் பெரிய ஹைஸ்கூல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துவருவதில்லை. மதிப்பெண் திடீரென்று சரியும், காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வார்கள், மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேட்டால் பதில் வராது. அந்த நேரத்தில் யாராவது "நூற்றைம்பது பேர்தான் படிக்கிறார்கள், ப்ராஜெக்ட் முறை, ரொம்ப அன்பான இடம்" என்று ஒரு சார்ட்டர் பள்ளியைச் சொன்னால் மனசு அங்கே ஓடிவிடும். ஓடட்டும், தப்பில்லை. ஆனால் சின்னப் பள்ளி என்பது நாலைந்து பெரியவர்களை நம்பி நிற்கும் இடம். அவர்கள் நல்லவர்களாக இருந்து நிலைத்தும் இருந்தால் உங்கள் பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, அவர்கள் போய்விட்டால் அங்கே மிஞ்சுவது மிகக் குறைவு. அதனால் பள்ளியின் தத்துவத்தைக் கேட்பதை விட, யார் இருக்கிறார்கள், யார் போனார்கள், பணம் எப்படி வருகிறது என்று கேட்பதுதான் முக்கியம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி அல்ல, அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பொதுப் பள்ளி. 1991இல் மினசோட்டா முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது, 1992இல் கலிஃபோர்னியா. கட்டணம் வாங்கக் கூடாது. இடத்தை விட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் போட வேண்டும். பெற்றோர் இத்தனை மணி நேரம் தொண்டு செய்தால்தான் இடம் என்று சொல்லக் கூடாது. சேர்க்கும் முன்பே பிள்ளையின் பழைய பதிவுகளைக் கேட்கவும் கூடாது. இதில் எதையாவது ஒரு பள்ளி மீறினால், மற்ற விஷயங்களில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

சரி, நேரில் போகும் முன் வீட்டில் உட்கார்ந்தே நிறையப் பார்த்துவிடலாம். பள்ளிகளை மதிப்பிட்டு மாநிலம் நடத்தும் ஸ்கூல் டாஷ்போர்டு தளத்தில் சிவப்பு முதல் நீலம் வரை நிறம் கொடுத்திருப்பார்கள், நம்மில் பலரும் அதை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறோம். ஒரு பிரிவில் 30 மாணவர்களுக்குக் குறைவாக இருந்தால் அதற்கு நிறமே வராது, 11 பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணையும் மறைத்துவிடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் 35 பேர் இருக்கும் பள்ளியில் மூன்று பேர் முடிக்காமல் போனாலே தேர்ச்சி விகிதம் எட்டு சதவீதத்துக்கு மேல் இறங்கும், அடுத்த ஆண்டு அதே அளவு ஏறும். ஆகவே ஓர் ஆண்டின் எண்ணை நம்பாதீர்கள், மூன்று நான்கு ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், மாற்றுக் கல்விப் பள்ளிகளில் சிலவற்றுக்கு மாநிலம் 'டாஸ்' என்ற தனி அந்தஸ்து தருகிறது. வேறு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர்கள், படிப்பில் பின்தங்கியவர்கள், இடையில் நின்றுபோனவர்கள் போன்ற பிள்ளைகள் குறைந்தது 70 சதவீதம் இருக்கும் பள்ளிகள் அவை. அப்படி ஒரு பள்ளியை பக்கத்து ஊர்ப் பெரிய பள்ளியோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை. இரண்டு ஆண்டு பின்தங்கி வந்த பிள்ளையை அவர்கள் எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. சார்ட்டரை, அதாவது பள்ளி நடத்தக் கொடுக்கும் அனுமதியை, புதுப்பிக்கும்போது இந்தப் பள்ளிகளை வேறு அளவுகோல்களால் மதிப்பிடுவார்கள், அந்த விவரம் புதுப்பிப்பு மனுவில் இருக்கும், கேட்டு வாங்கிப் படியுங்கள்.

மாநிலக் கல்வித்துறையின் டேட்டாக்வெஸ்ட் தளத்தில் வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பில் 60 பேர் சேர்ந்து, மூன்று ஆண்டு கழித்து அதே கூட்டம் பன்னிரண்டாம் வகுப்பில் 25 ஆகியிருந்தால் மற்றவர்கள் எங்கே என்று கேளுங்கள். தவறான காரணம்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வீடு மாறியிருக்கலாம், பழைய பள்ளிக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் முதல்வருக்கு அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவு சின்னப் பள்ளி அது. பொதுவாக ஏதோ சொல்லி நழுவினால் எனக்கு அது பெரிய எச்சரிக்கை.

அப்புறம் பாடங்கள். யூ.சி., கால் ஸ்டேட் என்ற மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் போக வேண்டுமானால் ஏ-ஜி எனப்படும் 15 ஓராண்டுப் பாடங்களை 'சி' அல்லது அதற்கு மேல் வாங்கி முடித்திருக்க வேண்டும். பள்ளி தன் இணையதளத்தில் என்ன எழுதியிருந்தாலும், யூ.சி. வைத்திருக்கும் ஏ-ஜி பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயரைத் தேடி, இந்த ஆண்டுக்கு எந்தெந்தப் பாடங்கள் ஏற்கப்பட்டிருக்கின்றன என்று நீங்களே பாருங்கள். "நகரமும் நீரும்" மாதிரி அழகான பெயரில் ஒரு வகுப்பு இருக்கும், அது அறிவியலில் கணக்காகிறதா, வெறும் விருப்பப் பாடமா என்பது அங்கேதான் தெரியும். பட்டியலில் இருக்கும் இயற்பியலை இந்த ஆண்டு நிஜமாகவே நடத்துகிறார்களா, நடத்துபவர் யார், அதற்கான சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா, இல்லை பிள்ளைகளைக் கணினி முன் உட்கார வைத்துவிடுகிறார்களா என்றும் கேளுங்கள். பல சின்னப் பள்ளிகள் உயர்கணிதத்துக்குப் பிள்ளைகளைக் கம்யூனிட்டி காலேஜுக்கு அனுப்புகின்றன. நல்ல வழிதான், அங்கே ஒரு செமஸ்டர் படித்தாலே ஏ-ஜியில் ஓராண்டாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே வாங்கும் மதிப்பெண் பிள்ளையின் கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும், போக வண்டியும் வேண்டும்.

மொழிப் பாடத்தில் ஸ்பானிஷ் மட்டும்தான் இருக்கும் என்பது பெரும்பாலும் எதிர்பார்க்க வேண்டியது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்ததை மொழிப் பாடமாக ஏற்கும் பள்ளி மாவட்டங்கள் உண்டு, இந்தப் பள்ளி ஏற்குமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பள்ளிகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் வாஸ்க் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். வெளியிலிருந்து ஒரு குழு வந்து பள்ளியில் தங்கிப் பார்த்து அறிக்கை எழுதும், எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று அதில் ஒரு பகுதி வரும். நான் பார்த்தவரை ஒரு பள்ளியைப் பற்றி மிக நேர்மையாக எழுதப்பட்ட தாள் அதுதான். கேட்டால் நல்ல பள்ளி கொடுக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கலிஃபோர்னியாவில் பள்ளிக்கு வரும் பணம் பிள்ளைகளின் சராசரி வருகையைப் பொறுத்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்தால் மாவட்டப் பள்ளிகள் முந்தைய ஆண்டுகளின் கணக்கைக் காட்டிக் கொஞ்ச காலம் தாங்கிக்கொள்ளலாம், சார்ட்டருக்கு அந்த வசதி இல்லை, அந்த ஆண்டிலேயே அடி விழும். நூற்றைம்பது பேரில் இருபது பேர் குறைந்தால் ஓரிரு ஆசிரியர் வேலையே போய்விடும். அதனால் கடைசித் தணிக்கை அறிக்கை, கையிருப்பு, கட்டடக் குத்தகை எப்போது முடிகிறது, சார்ட்டர் எப்போது புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற நான்கையும் கேளுங்கள். உங்கள் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போது சார்ட்டர் முடிகிறது என்றால் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2020 முதல் சார்ட்டர் பள்ளிகளின் நிர்வாகக் குழுக் கூட்டங்களும் பொதுக்கூட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரல் வெளியாக வேண்டும், யார் வேண்டுமானாலும் போகலாம். பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டினால் எந்த ஆசிரியர் எப்போது விலகினார் என்பது பல நேரம் அதிலேயே இருக்கும். மூன்று ஆண்டில் பாதி ஆசிரியர்கள் மாறியிருந்தால், எவ்வளவு அழகான பள்ளியாக இருந்தாலும் நான் தயங்குவேன்.

இனி நேரில் போவது. பெற்றோரை அழைத்துப் பள்ளியைக் காட்டும் ஓபன் ஹவுஸ் நாள் போதாது, சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் பிள்ளை முழு நாள் அங்கே இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். இப்படிப்பட்ட பள்ளிகள் பலவற்றுக்கு முன்மாதிரியான ரோட் ஐலண்ட் மாநிலத்து பிராவிடன்ஸ் நகரத்து மெட் பள்ளி, 1996இல் தொடங்கியபோதே, பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆலோசகர், நான்கு ஆண்டும் அவரே, வாரத்தில் இரண்டு நாள் வெளியே வேலைப் பயிற்சி என்று வைத்தது. இதைச் சொல்லிக்கொள்ளும் பள்ளிகள் நிறைய, செய்பவை குறைவு. ஆகவே அந்த ஆலோசகரிடமே "போன வாரம் உங்கள் குழுவில் ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையில் செய்பவர் யோசிக்காமல் சொல்வார். ப்ராஜெக்ட் வேலைகளில் சுவரில் மாட்டியிருக்கும் மிகச் சிறந்ததைக் காட்டுவார்கள். நடுத்தர மாணவர் ஒருவரின் முதல் வரைவையும் கடைசி வரைவையும் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஆசிரியர் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்பதில் அந்தப் பள்ளியின் படிப்பு முழுக்கத் தெரிந்துவிடும்.

பிள்ளைக்கு ஐ.இ.பி. (சிறப்புக் கல்விக்கான தனித் திட்டம்) அல்லது 504 திட்டம் (குறைபாடு உள்ள பிள்ளைக்கு வகுப்பில் செய்து தரும் வசதிகள்) இருந்தால், "எங்களிடம் அந்த வசதி இல்லை" என்று தட்டிக்கழிக்கச் சார்ட்டருக்கு உரிமை இல்லை. ஆனால் சட்டம் ஒரு பக்கம், ஆள் இன்னொரு பக்கம். பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், சிறப்புக் கல்வி ஆசிரியர் கையில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

நட்பு விஷயத்தையும் யோசியுங்கள். ஒரு வகுப்பில் நாற்பது பேர்தான் என்றால், ஒரு சண்டை வந்தாலும் ஒரு காதல் முறிந்தாலும் தினமும் அதே முகங்கள்தான், ஒதுங்க இடமில்லை. பெரிய பள்ளியில் கூட்டத்தில் தொலைந்து தவித்த பிள்ளை இங்கே நன்றாக மூச்சு விடலாம், பலரோடு பழகிய பிள்ளைக்கு இரண்டே மாதத்தில் மூச்சு முட்டலாம். பேண்ட், கால்பந்து, ரோபோடிக்ஸ் எதுவும் இல்லாமல் போகலாம், அதெல்லாம் தனக்கு வேண்டுமா என்று பிள்ளைதான் சொல்ல வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்காமல் சேர்த்தால் பள்ளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஓடாது. உறவுக்காரர்கள் பெயர் தெரியாத பள்ளியா என்று கேட்பார்கள், அதைப் பிள்ளையின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் கிடைத்த பிறகும் அவசரப்பட்டுப் பழைய பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிடாதீர்கள். பழைய மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து, எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் ஏற்கிறோம், பட்டம் பெற இன்னும் எத்தனை பாக்கி என்று புதுப் பள்ளியின் கவுன்சிலரிடம் கையெழுத்தோடு வாங்கிய பிறகே எடுங்கள். ஆண்டு நடுவில் மாறுவதானால் பாதி முடித்த பாடங்களுக்கான கிரெடிட்டையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.