அருவிக்கு எந்த மாதம்? ஜிம்பாப்வே செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுலாத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞர் ஒருவர், தாம் அழைத்துச் செல்லவிருக்கும் 14 பேருக்கான ஜிம்பாப்வே பயணத் திட்டத்தை அண்மையில் என்னிடம் காட்டினார். அக்டோபர் கடைசி வாரம் புறப்பாடு, விக்டோரியா அருவிக்கு இரண்டு நாள், ஹ்வாங்கே காட்டுக்கு ஒரு நாள், ‘போகிற வழியில்’ கிரேட் ஜிம்பாப்வே என்னும் பழைய கல் நகரத்தின் இடிபாடுகள் என்று அதில் எழுதியிருந்தது. ஆண்டை மட்டும் மாற்றினால், நான் முதன்முதலில் அந்த நாட்டுக்கு ஆள் திரட்டியபோது போட்ட திட்டமேதான் அது. கடவுச்சீட்டின் காலாவதித் தேதி, மலேரியா மாத்திரை ஆகியவற்றை எவரும் சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கைப்பணம் கொடுத்துக் கற்றவற்றை மட்டும் எழுதுகிறேன்.

மழை பெய்யும் மாதத்தையும் வெள்ளம் வரும் மாதத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல்

விக்டோரியா அருவியின் அகலம் 1,708 மீட்டர், உயரம் 108 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் படித்தவர்கள், எப்போது போனாலும் அந்த அகலம் முழுவதும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஓர் அக்டோபர் இறுதியில் 11 பேரை அழைத்துச் சென்றபோது, அறை வாடகை சற்றுக் குறைவாக இருந்ததால் எல்லையாக ஓடும் ஆற்றின் ஜாம்பியா கரையில் தங்க ஏற்பாடு செய்திருந்தேன். மறுநாள் காலை மழைச்சட்டைகளைப் போட்டுக்கொண்டு கிழக்குப் பக்கப் பாதையில் நடந்தால், எதிரே கன்னங்கரேலென்று ஒரு பாறைச்சுவர் நின்றது. அதன் இடுக்குகளில் புல் முளைத்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் குழாய்த் தண்ணீரைப் போல ஒரு கீற்று வழிந்துகொண்டிருந்தது. குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மழைச்சட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்துக்கொண்டே, “ஏன் தம்பி, பாறையைக் காட்டவா இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்தீங்க?” என்று கேட்டார். அன்றே அனைவரையும் ஜிம்பாப்வே பக்கம் அழைத்துச் செல்ல விசாக் கட்டணம், வண்டி வாடகை, நுழைவுக் கட்டணம் எல்லாம் என் கையிலிருந்து போயின. அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய லாபம் எல்லைச் சாவடியிலேயே தீர்ந்தது.

இது ஏன் நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஆற்றின் போக்கைப் பார்க்க வேண்டும். ஜிம்பாப்வேயில் நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். ஆனால் அருவியில் விழும் நீர் அங்கே பெய்த மழையன்று. ஜாம்பெசி ஆறு ஜாம்பியாவின் வடமேற்கு மூலையில் பிறந்து, அங்கோலாவுக்குள் புகுந்து, மீண்டும் ஜாம்பியாவுக்குத் திரும்பி வருகிறது. அந்த மேட்டுநிலங்களில் பெய்யும் மழை பரோட்சே என்னும் பரந்த வெள்ளச் சமவெளியில் குளம்போலப் பரவித் தேங்கி, மெல்ல வடிந்துதான் அருவியை அடைகிறது. அதனால் உள்ளூரில் மழை ஓய்ந்த பிறகு, ஏப்ரலில்தான் வெள்ளம் உச்சத்தைத் தொடும். பிறகு மாதாமாதம் குறைந்து, அடுத்த மழை தொடங்குகிற நவம்பரில் நீர்வரத்து ஏப்ரலில் இருந்ததில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும். அப்போதும் ஜிம்பாப்வே பக்கத்தில் ‘டெவில்ஸ் கேட்டராக்ட்’ எனப்படும் பகுதியில் தண்ணீர் விழும், ஏனெனில் ஆற்றின் விளிம்பு அங்கேதான் மிகத் தாழ்ந்திருக்கிறது. ஜாம்பியா பக்கம்தான் முதலில் வறளும். 1855 நவம்பரில் ஆய்வுப்பயணி டேவிட் லிவிங்ஸ்டன் சிறு படகில் அருவியின் விளிம்பிலிருக்கும் தீவுவரை சென்று பள்ளத்தை எட்டிப் பார்க்க முடிந்ததும் நீர் குறைந்த மாதம் என்பதால்தான். ஏப்ரலில் அப்படிப் போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டார்.

சூடுபட்ட பூனையாக, அடுத்த குழுவை நான் நேராக ஏப்ரலில் அழைத்துச் சென்றேன். அதுவும் தவறுதான். உள்ளூர் மக்கள் இந்த அருவியை மோசி-ஓ-துன்யா, அதாவது ‘இடிமுழங்கும் புகை’ என்று அழைப்பது உவமை அழகுக்காக அன்று. சாரல் 400 மீட்டருக்கும் மேல் எழுந்து, எதிர்க்கரையில் நிற்பவர் தலையில் மழையாகவே இறங்குகிறது. காதில் இரைச்சல், கண்ணெதிரே வெள்ளைச் சுவர். பலருக்கு முதன்மை அருவி இருக்கும் திசையே தெரியவில்லை. இருவருடைய கேமராக்கள் அன்றோடு நின்றுபோயின.

அருவியோடு ஹ்வாங்கேயையும் சேர்க்கும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. ஏறத்தாழ 14,650 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தேசியப் பூங்காவின் பெரும்பகுதியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து இறைத்துவிடும் நீரை நம்பித்தான் கோடையில் யானைகள் பிழைக்கின்றன. ஆகவே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அந்த நீர்நிலைகளில் யானைக் கூட்டங்கள் முறைவைத்தாற்போல் வந்து நிற்கும். ஏப்ரலிலோ புல் ஆளுயரம் வளர்ந்து, பள்ளந்தோறும் மழைநீர் நிற்பதால் விலங்குகள் காடெங்கும் சிதறிவிடும். அருவிக்கு நல்ல மாதம் காட்டுக்கு மோசம், காட்டுக்கு நல்ல மாதம் அருவிக்கு மோசம். இரண்டையும் ஒரே பயணத்தில் விரும்புவோருக்கு ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரையிலான வாரங்களையே பரிந்துரைக்கிறேன்: சாரல் அடங்கி அருவி முழு அகலத்துக்கும் தெரியும், புதர்கள் காய்ந்து விலங்குகளும் வெளிப்படத் தொடங்கியிருக்கும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் மே மாதக் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்து, நனைவதற்கும் யானைகள் குறைவாகத் தென்படுவதற்கும் மனத்தைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். இந்த ஒரு கணக்கைப் போடாமல், விமானக் கட்டணம் மலிவாக இருக்கிறது என்பதற்காகத் தேதி குறிப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பாலத்தை வண்டியில் கடந்துவிடுதல்

அருவிக்குக் கீழே பள்ளத்தாக்கின்மீது நிற்கும் எஃகுப் பாலம் 1905இல் திறக்கப்பட்டது. ரயிலின்மீது சாரல் படவேண்டும் என்று விரும்பிய பிரிட்டிஷ் காலனியத் தலைவர் செசில் ரோட்ஸ், பாலத்தையோ அருவியையோ பார்க்காமலேயே 1902இல் இறந்துபோனார். ஜிம்பாப்வே எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டைக் காட்டி ஒரு சீட்டுப் பெற்றுக்கொண்டு, ஜாம்பியா விசா இல்லாமலே பாலத்தின் நடுவரை நடந்து திரும்பலாம். நடந்து பார்ப்பவருக்குத்தான் 128 மீட்டர் ஆழம் என்றால் என்னவென்று உள்ளங்காலில் தெரியும்.

இரவில் நெடுஞ்சாலைப் பயணம்

கூடாது, விளக்கில்லாத சாலையின் நடுவே கழுதைகளும் மாடுகளும் படுத்திருக்கும்.

கிரேட் ஜிம்பாப்வேயைப் ‘போகிற வழியில்’ பார்த்தல்

வரைபடத்தில் அது இரண்டு விரற்கடைத் தூரம்தான். உண்மையில் அருவியிலிருந்து புலவாயோ வழியாக மஸ்விங்கோ நகரை அடையவே 700 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நடுவில் புலவாயோவில் ஓரிரவு, இடிபாடுகளுக்கு அருகில் ஓரிரவு என்று ஒதுக்க முடியாதவர்கள் இதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

தூரத்தைவிடப் பெரிய தவறு, அதை ‘யார் கட்டியதென்று தெரியாத மர்மக் கோட்டை’ என்று விளம்பரப்படுத்துவது. முதல் பயணத்தில் நானும் பேருந்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் அளந்தேன். குழுவில் ஒருவர் அதை நம்பி உள்ளூர் வழிகாட்டியிடமே கேட்டுவிட்டார். அவர் சினக்கவில்லை, தம் சட்டையில் தைத்திருந்த தேசியக் கொடியைத் தொட்டுக் காட்டி, “இதில் இருப்பது யார் வீட்டுப் பறவை என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார். அந்தப் பறவை, அங்கே கிடைத்த மாக்கல் சிற்பங்களின் வடிவம். நாட்டின் பெயரே அந்த இடத்தின் பெயர்தான். 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டுவரை ஷோனா மக்களின் முன்னோர் கட்டி வாழ்ந்த நகரம் அது. ஆப்பிரிக்கர்களே கட்டியது என்பதை 1905இல் ராண்டல் மெக்கைவரும் 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் அகழாய்வு செய்து சொன்ன பிறகும், வெள்ளையர் ஆட்சி அதை ஒப்ப மனமின்றி ஷீபா அரசி, பினீசியர் என்று கதைகளுக்கு இடம்கொடுத்துவந்தது. அந்தக் கதைகளின் மிச்சத்தைத்தான் நான் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அங்கே அவசரப்படாமல் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள கருங்கல் குன்றுகள் வெயிலிலும் குளிரிலும் வெங்காயத்தோல்போலப் பாளம்பாளமாக உரிகின்றன. அந்தப் பாளங்களை உடைத்து, சாந்து இல்லாமல் அடுக்கியே சில இடங்களில் 11 மீட்டர் உயரம்வரை எழுப்பியிருக்கிறார்கள். பெரிய மதிலுக்கும் உட்சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். உட்சுவரின் வரிசைகள் ஏறியும் இறங்கியும் இருக்க, அதற்குப் பின் எழுந்த வெளிமதிலின் வரிசைகள் நூல் பிடித்தாற்போல் ஓடுவதை அங்கே கையெட்டும் தூரத்தில் காணலாம்.

கரீபாவை அணைச்சுவரோடு முடித்துக்கொள்ளுதல்

ஜாம்பெசி ஆற்றைத் தடுத்துக் கட்டிய 128 மீட்டர் உயரக் கரீபா அணையைப் பார்வை மேடையிலிருந்து படமெடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களே அதிகம். கொள்ளளவில் உலகின் மிகப்பெரிய செயற்கை நீர்த்தேக்கம் அதன் பின்னால் கிடக்கிறது. மாலையில் படகில் போனால், நீருக்கு மேல் பட்டுப்போய் நிற்கும் மரக்கொம்புகளைக் காணலாம். அவை மூழ்கிய காட்டின் உச்சிகள். நீர் ஏறியபோது ‘ஆபரேஷன் நோவா’ என்ற பெயரில் 6,000க்கும் மேற்பட்ட விலங்குகளை மீட்டார்கள் என்று படகோட்டிகள் பெருமையாகச் சொல்வார்கள். ஏறத்தாழ 57,000 டோங்கா மக்கள் நிலமிழந்து வெளியேறியதைக் கேட்டால்தான் சொல்வார்கள்; கேளுங்கள். 1957, 1958 வெள்ளங்கள் கட்டுமானத்தை அடித்துச் சென்றது நியாமிநியாமி என்னும் ஆற்றுத் தெய்வத்தின் சினத்தால்தான் என்ற டோங்கா மக்களுடைய நம்பிக்கையும் அந்தப் பேச்சில் வரும்.

நூறு அமெரிக்க டாலர் நோட்டுகளை மட்டும் கொண்டுபோதல்

சில்லறை கிடைக்காது, ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளைக் கிழிசலில்லாமல் கொண்டுபோக வேண்டும்.

ஜூலையில் கம்பளிச் சட்டை இல்லாமல் திறந்த ஜீப்பில் ஏறுதல்

ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று எண்ணி ஏறிய என் குழுவினர் பாதிப்பேர், ஹ்வாங்கேயின் விடியற்குளிரில் சிங்கத்தைப் பார்க்காமல் போர்வைக்குள் இருந்தார்கள்.