இறக்குவதற்கு முன் எடை பார்ப்பது

எங்கள் ஊருக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. செல்போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி, தீர்ந்துவிட்டால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும். அந்த வேகத்தில் 100 எம்பி இறங்க மூன்றரை மணி நேரம் ஆகும். பழைய லேப்டாப்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. "அண்ணே, உபுண்டு போட்டுத் தாங்க" என்று ஒரு தம்பி வந்து நிற்பான். உபுண்டு லினக்ஸில் ஒரு வகை; அதன் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ, அதாவது நிறுவுவதற்கான ஒற்றைக் கோப்பு, இப்போதெல்லாம் 5 ஜிபியைத் தாண்டுகிறது. அதனால் எதை இறக்குவதானாலும் முதலில் அளவைத் தெரிந்துகொண்டுதான் கை வைப்பேன்.

பிரவுசரில் ஒரு சுட்டியைத் தட்டினால் அது சர்வரிடம் 'கெட்' என்று கேட்கிறது. கோப்பைப் பற்றிய விவரங்கள் ஹெட்டராக முன்னே வரும், கோப்பு பின்னாலேயே வரும். 'ஹெட்' என்று கேட்டால் விவரம் மட்டும் வரும். லாரி ஷெட்டில் மூட்டையை இறக்காமல் ரசீதை மட்டும் வாங்கிப் பார்ப்பது மாதிரி. அந்த ரசீதில் 'கன்டென்ட்-லெங்த்' என்று ஒரு வரி இருக்கும். அதுதான் கோப்பின் அளவு, பைட்டில்.

இப்படிக் கேட்பதற்கு கர்ல் என்ற சின்ன கமாண்ட் போதும். லினக்ஸில் பெரும்பாலும் இருக்கும், ஆண்ட்ராய்டு போனில் கமாண்ட் அடிக்க உதவும் டெர்மக்ஸ் ஆப் வைத்திருந்தால் அதிலும் ஓடும். விண்டோஸ் 10-இல் 2018 முதல் கூடவே வருகிறது. விண்டோஸின் கமாண்ட் திரையான பவர்ஷெல்லில் மட்டும் 'கர்ல் டாட் இஎக்ஸ்இ' என்று முழுப்பெயரும் அடியுங்கள், வெறும் கர்ல் என்றால் அங்கே வேறொரு கமாண்டைக் கூப்பிட்டுவிடும்.

கர்ல், ஒரு இடைவெளி, சின்னக் கோடு, அதை ஒட்டி கேபிடல் ஐ, இடைவெளி விட்டு மேற்கோள் குறிக்குள் முகவரி. அவ்வளவுதான். கேபிடல் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஸ்மால் ஐ போட்டால் அது ஹெட் இல்லை; ஹெட்டரையும் காட்டி, கோப்பையும் சேர்த்து இறக்கும். ஒருமுறை ஸ்கிரிப்டில், அதாவது கமாண்டுகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பில், ஸ்மால் ஐ எழுதி, வருவதையெல்லாம் 'ஆக்' கமாண்டுக்குத் திருப்பி, அளவை மட்டும் பிடுங்கச் சொல்லியிருந்தேன். எண் சரியாகத்தான் வந்தது. ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்றுதான் புரியவில்லை. முழு ஐஎஸ்ஓவும் சத்தமில்லாமல் இறங்கி, எங்கும் சேமிக்கப்படாமல் காற்றில் போயிருந்தது. அன்றைய டேட்டாவும் கூடவே.

பதில் வந்ததும் எண்ணைத் தேடி ஓடாதீர்கள். முதல் வரியைப் பாருங்கள். 200 என்றால் நீங்கள் கேட்ட கோப்பைப் பற்றிய பேச்சு. 404 என்றால், கீழே இருக்கும் கன்டென்ட்-லெங்த் "அப்படி ஒன்றும் இங்கே இல்லை" என்று சொல்லும் பக்கத்தின் அளவு. 301, 302 என்றால் கோப்பு வேறு இடத்தில் இருக்கிறது, அங்கே போ என்று அர்த்தம். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் ரிலீஸ் கோப்புகள் எல்லாம் இப்படித்தான், 302 கொடுத்து இன்னொரு முகவரிக்கு அனுப்பும். என் ஸ்கிரிப்ட் அந்த முதல் பதிலிலேயே நின்று, அளவு 0 பைட், தாராளமாக இறக்கலாம் என்று எனக்கு அனுமதி கொடுத்தது!

இதற்கு மருந்து கேபிடல் எல். அதைச் சேர்த்தால் கர்ல் ரீடைரக்டுகளைப் பின்தொடர்ந்து கடைசி வரை போகும். ரீடைரக்ட் என்றால் இப்படி வேறு முகவரிக்குத் திருப்பி விடுவது. ஆனால் வழியில் பார்த்த ஒவ்வொரு சர்வரின் ஹெட்டரையும் வரிசையாகக் காட்டும். நமக்கு வேண்டியது கடைசிக் கட்டில் இருக்கும் எண். பைத்தான் நிரல்மொழியில் இணையத்தில் கேட்க உதவும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கண்ணி உண்டு: கெட் தானாகவே பின்தொடரும், ஹெட் தொடராது, 'அலவ் ரீடைரக்ட்ஸ்' என்பதை நீங்கள்தான் ட்ரூ ஆக்க வேண்டும்.

சில சர்வர்களுக்கு ஹெட் என்றாலே ஆகாது; 405 என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அமேசானின் கோப்புக் கிடங்குச் சேவையான எஸ்3-இல் கையொப்பமிட்ட தற்காலிகச் சுட்டிகள் இன்னொரு வகை. கையொப்பம் கெட்டுக்கு மட்டும் போட்டது, ஹெட் கேட்டால் 403, அனுமதி இல்லை. சில நேரம் 200 வரும், அளவு வரி மட்டும் இருக்காது. அதற்காகச் சர்வரைத் திட்ட முடியாது. 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9110 என்ற இணைய விதி ஆவணம், ஹெட்டுக்குப் பதில் சொல்லும்போது அந்த வரியை விட்டுவிட அனுமதிக்கிறது.

அப்போது நான் ஒரே ஒரு பைட் கேட்பேன். கர்லில் ஸ்மால் ஆர் போட்டு, இடைவெளி விட்டு 0-0 என்று எழுதினால் முதல் பைட்டை மட்டும் கொடு என்று பொருள். ஹெட்டரைத் திரையில் பார்க்க கேபிடல் டி-யும் தனியாக ஒரு கோடும். வருகிற பைட்டைத் தூக்கிப்போட ஸ்மால் ஓ-வும் டெவ் நல்லும் (லினக்ஸில் போட்டதையெல்லாம் விழுங்கிவிடும் இடம்). சர்வர் ஒத்துக்கொண்டால் 206 என்று பதில் வரும், கூடவே 'கன்டென்ட்-ரேஞ்ச்: பைட்ஸ் 0-0/734003200' என்ற மாதிரி ஒரு வரி. சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் முழு அளவு. இதில் கன்டென்ட்-லெங்த்தைப் பார்த்தால் 1 என்று இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். 416, அதாவது கேட்ட பகுதி இல்லை என்று வந்து, சாய்கோட்டுக்குப் பின் 0 இருந்தால் கோப்பு காலி. 206 வந்து சாய்கோட்டுக்குப் பின் நட்சத்திரக் குறி இருந்தால் சர்வருக்கே அளவு தெரியாது.

இப்படிப் பகுதி கேட்பதை, அதாவது ரேஞ்சை, புரிந்துகொள்ளாத சர்வர் 200 என்று சொல்லிவிட்டு முழுக் கோப்பையும் தள்ள ஆரம்பிக்கும். அதனால் இரட்டைக் கோடு போட்டு 'மேக்ஸ்-ஃபைல்சைஸ்' 1000 என்றும் சேர்த்துவிடுவேன். அதற்குமேல் அளவு சொன்னால் கர்லே கையை எடுத்துக்கொள்ளும்.

சிஎஸ்வி, ஜேசன் மாதிரி எழுத்துக் கோப்புகளில் ஜிசிப் என்ற சுருக்கும் முறையால் ஒரு குழப்பம். பிரவுசரும் ரிக்வெஸ்ட்ஸும் "சுருக்கிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லித்தான் கேட்கும். சொல்லாமல் கேட்பது கர்ல். எனவே ஒரே கோப்புக்கு இரண்டு எண் கிடைக்கலாம்; 'கன்டென்ட்-என்கோடிங்: ஜிசிப்' என்ற வரி இருந்தால் நீங்கள் பார்ப்பது சுருக்கிய அளவு. போகிற போக்கில் சுருக்கும் சர்வர் அளவையே சொல்லாது. 'அக்செப்ட்-என்கோடிங்' ஹெட்டரில் 'ஐடென்டிட்டி' என்று அனுப்பிக் கேட்டால் பெரும்பாலும் விரித்த அளவு வரும். எது சரி என்றால், டேட்டா கணக்குக்குச் சுருக்கியது, பென்டிரைவில் இடம் இருக்கிறதா என்று பார்க்க விரித்தது.

மேலே சொன்ன 734003200-ஐ பத்து லட்சத்தால் வகுத்தால் 734 எம்பி. 1024-ஆல் இருமுறை வகுத்தால் சரியாக 700. விண்டோஸ் காட்டுவது இரண்டாவது கணக்கு.

எந்த வழியிலும் அளவு கிடைக்காத கோப்புகளும் உண்டு. கிட்ஹப்பில் ஒரு திட்டத்தின் மூலநிரலை மொத்தமாக ஜிப்பாகக் கேட்டால், நாம் கேட்ட பிறகுதான் அது கட்டப்படுகிறது. முன்கூட்டியே சொல்ல எண் பெரும்பாலும் இருக்காது, பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழியில்லை. அதையெல்லாம் இரவு 11.40-க்கு ஆரம்பிப்பேன். அன்றைய மிச்சம் தீர்வதற்குள் 12 மணி அடித்துப் புது 1.5 ஜிபி வந்துவிடும்.